வாசகர் கேள்வி – பதில்: ஓர் ஆசிரியை, இரண்டு பிள்ளைகள், இரண்டு குதிரைகள்

கேள்வி: திருநெல்வேலியில் மூன்றாண்டு இளநிலை இயற்பியல் படித்தேன். திருமணத்திற்குப் பின் இங்கிலாந்து வந்து, இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆசிரியப் பயிற்சி முடித்து, லெஸ்டர்ஷயரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். எனக்கு வயது 41. மகளுக்கு 13, மகனுக்கு 8. எங்களிடம் இரண்டு குதிரைகள் உள்ளன. ஒன்று 9 வயதான, காயடிக்கப்பட்ட ஆண் குதிரை. மற்றொன்று 23 வயதான பெட்டைக் குதிரை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பல்லாரட் பகுதியில் குடியேற விரும்புகிறோம். குதிரைகளையும் எங்களுடன் ஒரே சமயத்தில் அழைத்துச் செல்ல முடியுமா? மகளின் படிப்பு பாதிக்கப்படுமா? எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, லெஸ்டர்ஷயர்

பதில்: குதிரைகளை ஏற்றிச் செல்லும் முகவர்களிடம் விலை கேட்பதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். இந்தப் பயணம் கைகூடுவதும் கூடாததும் உங்கள் சான்றிதழ்களைப் பொறுத்தது; அவை சரியாக அமையாவிட்டால் மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் வீண் செலவாகும்.

ஆஸ்திரேலியாவில் ஓர் ஆசிரியர் இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. திறன் அடிப்படையிலான குடியேற்ற விசாவுக்கு உங்கள் கல்வியை மதிப்பிடுவது ஏஐடிஎஸ்எல் என்னும் தேசிய நிறுவனம். வகுப்பறைக்குள் நுழைய அனுமதிப்பது அந்தந்த மாநிலத்தின் பதிவு அமைப்பு, உங்கள் விஷயத்தில் விக்டோரிய ஆசிரியர் நிறுவனமான விஐடி. ஒன்றின் ஒப்புதல் மற்றொன்றுக்குப் பதிலாகாது. ஏஐடிஎஸ்எல் எதிர்பார்ப்பது குறைந்தது நான்கு ஆண்டு முழுநேர உயர்கல்வியும், அதற்குள் ஓராண்டுக்குக் குறையாத ஆசிரியப் பயிற்சியும், நீங்கள் கற்பிக்கப்போகும் வயதுப் பிரிவில் குறைந்தது 45 நாள் மேற்பார்வையிலான கற்பித்தல் பயிற்சியும் ஆகும். உங்கள் மூன்றாண்டுப் பட்டமும் ஓராண்டுப் பயிற்சியும் சேர்ந்து அந்தக் கணக்கை நிறைவு செய்கின்றன. ஆனால் இங்கிலாந்தில் பல்கலைக்கழகச் சான்றிதழ் இல்லாமல், தகுதிபெற்ற ஆசிரியர் என்னும் அரசு அங்கீகாரத்தை மட்டும் பெற்றவர்களும் இருக்கிறார்கள். அந்த அங்கீகாரம் உயர்கல்வித் தகுதி ஆகாது என்பதால், உங்களிடம் இருப்பது எது என்பதைச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஆங்கிலத் தேர்வு. ஆஸ்திரேலியா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, அமெரிக்கா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் நான்கு ஆண்டு உயர்கல்வி கற்றவர்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. நீங்கள் பிரிட்டனில் கற்றது ஓராண்டு. மீதி மூன்றாண்டு திருநெல்வேலியில். ஆகவே, எத்தனை ஆண்டுகள் ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலேயே இயற்பியல் நடத்தியிருந்தாலும், ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் வாசிப்பிலும் எழுத்திலும் 7, கேட்பதிலும் பேசுவதிலும் 8 மதிப்பெண் பெற்றாக வேண்டும். இது நியாயமா என்று வாதிடுவதில் பயனில்லை. பேசுவதில் 8 எடுப்பது, நன்றாகப் பேசுபவர்களுக்கே சில சமயம் கைநழுவிப் போவதால், முதல் வேலையாக அந்தத் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். புள்ளிகள் அடிப்படையிலான 189, 190, 491 ஆகிய விசாக்களுக்கு, அழைப்பு வரும்போது வயது 45க்குள் இருக்க வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. இயற்பியல் ஆசிரியர் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் ஊர்ப்புறப் பள்ளிகள் அங்கே உண்டு என்பது உங்களுக்குச் சாதகம்.

அடுத்தது மகளின் படிப்பு. இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ என்னும் பள்ளிப் பொதுத் தேர்வுக்கான பாடத்திட்டம் பெரும்பாலும் 14 முதல் 16 வயது வரை நடக்கிறது. அதன் நடுவில் பள்ளி மாற்றினால், ஒன்றரை ஆண்டு உழைப்பு எந்தச் சான்றிதழும் தராமல் போகும். விக்டோரியாவில் உயர்நிலைச் சான்றிதழான விசிஇ, 11, 12ஆம் வகுப்புகளுக்கு உரியது. ஆகவே அவள் ஜிசிஎஸ்இ பாடங்களுக்குள் ஆழமாக இறங்குவதற்கு முன் சென்றுவிட்டால், புதிய ஊரிலும் புதிய பள்ளியிலும் ஊன்றிக்கொள்ள அவளுக்குக் குறைந்தது ஓர் ஆண்டாவது கிடைக்கும். அது முடியாவிட்டால் தேர்வை எழுதி முடித்த பிறகு செல்வது நல்லது. இடைப்பட்ட காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். விசிஇ தேர்வில் தமிழும் ஒரு மொழிப்பாடமாக இருப்பதால், வீட்டில் தமிழ் எழுதப் படிக்கக் கற்பித்திருந்தால் அது மதிப்பெண்ணாகவும் பயன்படும். எட்டு வயது மகனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கே கல்வியாண்டு ஜனவரி இறுதியில் தொடங்குகிறது என்பதால், டிசம்பரில் போய்ச் சேர்வது இருவருக்கும் ஏற்றது. தற்காலிக வேலை விசாவில் செல்பவர்களின் பிள்ளைகளிடம் சில மாநிலங்கள் அரசுப் பள்ளியிலும் கட்டணம் வாங்குகின்றன; உங்களுக்குக் கிடைக்கும் விசாவின் எண்ணைக் குறிப்பிட்டு மாநிலக் கல்வித் துறையிடம் எழுத்தில் பதில் பெறுங்கள்.

இப்போது குதிரைகள். ஒரே சமயத்தில் அழைத்துச் செல்ல முடியுமா என்றால், சட்டப்படி முடியும்; ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் நடைமுறையைச் சொல்கிறேன். ஆஸ்திரேலிய வேளாண் துறையிடம் இறக்குமதி அனுமதி பெற்று, இங்கிலாந்திலேயே அங்கீகரிக்கப்பட்ட கொட்டிலில் குறைந்தது 14 நாள் தனிமையில் வைத்து, இரத்தப் பரிசோதனைகளும், குறித்த கால எல்லைக்குள் குதிரை இன்புளுயன்சா தடுப்பூசியும் முடித்து, சரக்கு விமானத்தில் மெல்போர்ன் கொண்டுசென்று, அங்கே மிக்கில்ஹாமில் உள்ள அரசுத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் மறுபடியும் 14 நாள் வைக்க வேண்டும். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2007 ஆகஸ்டில் சிட்னிக்கு அருகே ஈஸ்டர்ன் கிரீக் தனிமைப்படுத்தல் நிலையத்தில் இருந்த குதிரைகளிடமிருந்து இன்புளுயன்சா வெளியே பரவியது. அதுவரை அந்நோய் அறியாத நாட்டில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களில் பல்லாயிரம் குதிரைகள் நோயுற்றன, பந்தயங்கள் நின்றன. உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி இயன் காலினன் விசாரணை நடத்தினார். இன்று நிலையத்தில் குதிரைகளைக் கவனிப்பவர்கள் குளித்து உடை மாற்றாமல் வெளியேற முடியாது. அங்கே போய்க் குதிரையைத் தடவிக் கொடுக்கலாம் என்று மகள் எண்ணியிருந்தால், இப்போதே சொல்லி வையுங்கள்.

விமானத்தில் ஒரு கூண்டில் மூன்று குதிரைகளை நெருக்கி ஏற்றுவது மலிவு. இரண்டு என்றால் விலை கூடும். ஒன்றே தனியாக என்றால் இன்னும் கூடும். பணத்தைவிட உடல்நலமே இங்கே பெரிய கேள்வி. குதிரை இயல்பாகத் தலையைத் தாழ்த்தி மூச்சுக் குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்றும் விலங்கு. நீண்ட பயணத்தில் தலை உயரமாகக் கட்டப்பட்டிருப்பதால் கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்கி, கடுமையான நுரையீரல் அழற்சி வர வாய்ப்புண்டு. உடன் செல்லும் பணியாளர் இடைநிறுத்தங்களில் தலையைத் தாழ்த்த விடுகிறாரா, வைக்கோலை நனைத்துக் கொடுக்கிறாரா, தண்ணீர் குடிக்க வைக்கிறாரா என்பதையெல்லாம் முகவரிடம் கேளுங்கள். விலைப்பட்டியலை மட்டும் காட்டி, இதற்குப் பதில் சொல்லத் தடுமாறுபவரிடம் குதிரையை ஒப்படைக்காதீர்கள்.

பெட்டைக் குதிரையை அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. 23 வயதில் மூட்டும் பல்லும் செரிமானமும் தளர்ந்திருக்கும். காயடிக்கப்பட்ட குதிரைக்குத் தேவையில்லாத இனப்பெருக்க உறுப்பு நோய்ப் பரிசோதனைகளும் பெட்டைக்கு உண்டு. மகளின் அழுகைக்கு அஞ்சி முதிய விலங்கை உலகின் மறு கோடிக்கு ஏற்றுவது அன்பாகாது. உரிமையை நீங்களே வைத்துக்கொண்டு, நம்பகமான ஒருவரிடம் எழுத்து ஒப்பந்தத்தில் பராமரிக்கக் கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவலாக இருக்கிறது. மருத்துவச் செலவை யார் ஏற்பது, இறுதிக் காலத்தில் யார் முடிவெடுப்பது என்ற இரண்டையும் அந்த ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். இந்த முடிவைப் பெட்டி கட்டும் வாரத்தில் சொல்லாமல் மகளோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசி எடுங்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் காரணம் புரியும்.

ஆண் குதிரையை நீங்கள் சென்று ஐந்தாறு மாதம் கழித்து வரவழையுங்கள். டிசம்பரில் இங்கிலாந்துக் குதிரையின் உடலில் அடர்ந்த குளிர்கால முடி இருக்கும். விக்டோரியாவிலோ அது கடும் வெயில் காலம். மே மாத இறுதியில் முடி உதிர்ந்த பிறகு புறப்பட்டால், அங்கே குளிர்காலத் தொடக்கத்தில் வந்திறங்கும். பல்லாரட் குளிர் கடுமையானதுதான், ஆனால் போர்வை போட்டுச் சமாளித்துவிடலாம். வெயிலுக்கு அப்படி எளிதான மாற்று இல்லை. அதற்குள் நீங்கள் மேய்ச்சல் நிலம் வாடகைக்குப் பார்த்து, முள்கம்பி இல்லாத வேலி இருக்கிறதா என்று உறுதி செய்து, நிலத்திற்கான அடையாள எண்ணையும் பெற்றிருக்கலாம். ஒரே ஒரு குதிரை வைத்திருந்தாலும் விக்டோரியாவில் அந்த எண் கட்டாயம். துணையின்றி ஒற்றைக் குதிரை நலமாக இராது என்பதால், வேறு குதிரைகளும் மேயும் நிலமாகத் தேடுங்கள். முதல் ஆண்டில் நிலம் வாங்க வேண்டாம். சேணத்தையும் கடிவாளத்தையும் மண், விதை, முடி எதுவும் ஒட்டாமல் கழுவி அனுப்புங்கள்.

காட்டுத்தீயை மட்டும் இங்கிலாந்து வாழ்க்கை உங்களுக்குக் கற்பித்திருக்காது. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் மூண்ட தீயில் 173 பேர் இறந்தார்கள். தீ அபாயம் உச்சத்தில் அறிவிக்கப்படும் நாட்களுக்கு முந்தைய மாலையே குதிரையை எங்கே கொண்டுபோவது, இழுவை வண்டி யாருடையது என்பதை முதல் கோடைக்கு முன் முடிவு செய்துவிடுங்கள். பள்ளி நேரத்தில் நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: கோவையில் தனியார் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் வேலைக்கு முயல்கிறேன். என் பிள்ளைகள் வளர்க்கும் மார்வாரிக் குதிரையை உடன் கொண்டுபோக வழி உண்டா? வேறொரு நாடு வழியாக அனுப்பலாம் என்று ஒருவர் சொல்கிறார்.
– ஒரு வாசகர், கோவை

பதில்: இப்போதைக்கு இல்லை. குதிரைகளை நேரடியாக அனுப்ப ஆஸ்திரேலியா அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இந்தியத் தரப்பிலும் மார்வாரி, கத்தியவாரி, மணிப்பூரி இனங்களை உரிமம் இன்றி ஏற்றுமதி செய்ய இயலாது. மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடை மையத்தின் நோயற்ற குதிரை வளாகத்தை உலக விலங்கு நலவாழ்வு அமைப்பு 2025இல் அங்கீகரித்தது உண்மை. ஆனால் அது அந்த வளாகத்தில் காவலோடு வைக்கப்படும் போட்டிக் குதிரைகளுக்கு உதவுமே அன்றி, வீட்டுத் தோட்டத்தில் வளரும் குதிரைக்கு உதவாது. வேறொரு நாடு வழியாக என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஏற்றுமதிக்கு முன் குதிரை எங்கெல்லாம், எத்தனை நாள் வாழ்ந்தது என்று ஆஸ்திரேலிய விதிகள் கேட்கின்றன. அதற்கு முன்பாக, இடையிலுள்ள நாடு முதலில் உங்கள் குதிரையை உள்ளே விட வேண்டும். அந்த நாட்டின் இறக்குமதி அனுமதியை உங்கள் பெயரில், எழுத்தில் காட்டும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.