கடற்பாசி மாத்திரையை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. பெருங்குடலில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது கீமோ போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் காலில் இரத்தக்கட்டு வந்ததால் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். தைராய்டு மாத்திரை பல வருடமாக உண்டு. பழுப்புக் கடற்பாசியில் இருக்கும் ஃபியூகாய்டன் என்ற பொருள் புற்றணுக்களைக் கொல்வதாக ஆய்வகத்தில் நிரூபித்திருக்கிறார்கள் என்று படித்தேன். அந்த மாத்திரை ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். இயற்கைப் பொருள்தானே, பக்கவிளைவு இருக்காது என்கிறார்கள். கொடுக்கலாமா? அவருடைய டாக்டரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. திட்டுவாரோ என்று பயம்.

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். பாட்டிலைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. பழுப்புக் கடற்பாசியைத் தொட்டால் வழுவழுவென்று இருக்குமே, அந்த வழுவழுப்பில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒன்றுதான் ஃபியூகாய்டன். 1913இலேயே ஸ்வீடனில் அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆய்வகத்தில் அது புற்றணுக்களைக் கொல்கிறது என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். ஆனால் 'ஆய்வகத்தில் கொல்கிறது' என்றால் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று யாரும் உங்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

உள்ளங்கை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசை வரிசையாக 96 குட்டிக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் புற்றணுக்களை, அவற்றுக்கு வேண்டிய ஊட்டத் திரவத்தோடு விடுவார்கள். இரவு முழுக்க அவை அடியில் ஒட்டிக்கொண்டு வளரும். மறுநாள் செடியில் இருந்தோ கடற்பாசியில் இருந்தோ எடுத்த சாற்றை ஒரு குழியில் கொஞ்சம், அடுத்ததில் அதைவிட அதிகம் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒரு வரிசைக்கு ஒன்றுமே சேர்க்காமல் விடுவார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. ஓரிரு நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயத்தை ஊற்றுவார்கள். உயிருள்ள அணு அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும், செத்த அணு மாற்றாது. எந்தக் குழியில் ஊதா வெளுத்திருக்கிறதோ அங்கே சாறு வேலை செய்திருக்கிறது என்று கணக்கு.

மூன்று நாள் வேலை. மருந்து தேடுகிறவர்களுக்கு இது ரொம்பப் பயனுள்ள சோதனைதான். ஆயிரம் சாறுகளில் எதைத் தொடர்ந்து பார்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்று சலித்துப் பார்க்கும் சல்லடை இது. சல்லடையில் நின்றதையெல்லாம் மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. அதே குழியில் சலவைக்குப் போடும் ப்ளீச்சை இரண்டு சொட்டு விட்டாலும் புற்றணு சாகும், சாராயம் விட்டாலும் சாகும். கூடவே நல்ல அணுக்களும் சாகும். ஆகவே அந்தச் சாறு புற்றணுவை மட்டும் கொன்றதா, பக்கத்துத் தட்டில் இருந்த நல்ல அணுவையும் கொன்றதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். சாயமும் ஏமாற்றும். சில தாவரச் சாறுகள் அணுவே இல்லாத குழியிலும் மஞ்சளை ஊதாவாக்கிவிடும். அதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் ஒரே சோதனையோடு நிறுத்தாமல் வேறொரு முறையிலும் செய்து பார்க்கிறார்கள்.

அப்புறம் அளவு. இங்கேதான் பெரும்பாலான நம்பிக்கைகள் உடைகின்றன, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஒரு சாறு, ஒரு மில்லி திரவத்துக்கு 100 மைக்ரோகிராம் (ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்) என்ற அளவில் புற்றணுவைக் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட கட்டுரைகளில் சர்வ சாதாரணமாக வரும் அளவுதான். வளர்ந்த ஒரு மனிதரின் உடம்பில் சுமார் 40 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அந்தச் செறிவு உடம்பு முழுக்க வர வேண்டுமானால் 4 கிராம் சத்து உள்ளே போய்ச் சேர வேண்டும். வாய் வழியாகச் சாப்பிடுவதில் நூற்றில் ஒரு பங்குதான் குடல் சுவரைத் தாண்டுகிறது என்றால், 4 கிராம் சேர 400 கிராம் சாப்பிட வேண்டும். ஈரலும் சிறுநீரகமும் வெளியேற்றிக்கொண்டே இருப்பதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை. ஃபியூகாய்டன் பெரிய மூலக்கூறு, குடல் சுவரைத் தாண்டுவது அதற்குக் கஷ்டம். இப்போது உங்கள் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். ஒரு மாத்திரையில் இருப்பதை மில்லிகிராமில்தான் எழுதியிருப்பார்கள்.

சமையல் மஞ்சளில் இருக்கும் குர்குமினுக்கும் இதே கதிதான். தட்டில் அது செய்யாத வேலை இல்லை. ஆனால் குடலில் இருந்து இரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம். போதாததற்கு, ஒளி பட்டால் அதுவும் ஒளிர்ந்து பல ஆய்வகச் சோதனைகளைக் குழப்பிவிடும். 2017இல் வேதியியலாளர்கள் சிலர் அதுவரை நடந்த 120க்கும் மேற்பட்ட மனிதப் பரிசோதனைகளை அலசிப் பார்த்து, ஒழுங்காக ஒப்பிட்டுச் செய்த எதிலும் அது வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள்.

கடற்பாசியிலேயே ஓர் உதாரணம் உண்டு. சிவப்புக் கடற்பாசியில் இருந்து எடுக்கும் காராஜீனன், ஹெச்ஐவி கிருமி அணுக்களில் நுழைவதை ஆய்வகத்தில் தடுத்தது. அதை ஜெல்லாகச் செய்து, தென்னாப்பிரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் பரிசோதித்தார்கள். பாதிப் பேருக்கு அந்த ஜெல், மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஜெல். யாருக்கு எது என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. 2008இல் முடிவு வந்தது. இரண்டு குழுவிலும் தொற்று ஏறக்குறைய ஒரே அளவு. ஜெல்லால் கெடுதல் இல்லை, ஆனால் காக்கவும் இல்லை. அந்த முடிவைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துப் போனது. ஆனால் அப்படிச் சோதித்துப் பார்த்திருக்காவிட்டால் எத்தனை பெண்கள் அந்த ஜெல்லை நம்பியிருப்பார்கள்!

இதையெல்லாம் சொல்வதால், செடிகொடிகளில் மருந்தே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். நான் அன்றாடம் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் பலவற்றுக்கு வேர் அங்கேதான். ஆர்ட்டிமிசினினை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் மலேரியாவுக்கு மருந்து தேட சீன அரசு ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது. து யூயூ என்ற ஆய்வாளரின் குழு பழைய மருத்துவ ஏடுகளைப் புரட்டி, நூற்றுக்கணக்கான சாறுகளை எலிகளிடம் சோதித்தது. ஒரு செடியின் சாறு ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. 4ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில், அந்தச் செடியை ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. பிழியத்தான் சொல்லியிருக்கிறது, கொதிக்கவைக்கச் சொல்லவில்லை என்பதை அவர் கவனித்தார். அதாவது சூடு மருந்தைக் கெடுக்கிறது! குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தில் சாறு இறக்கினார்கள். 1971 அக்டோபரில், 191ஆம் எண் சாறு எலிகளின் இரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணிகளை முழுசாக ஒழித்தது. அடுத்த ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவரும் சகாக்களும் தாங்களே அதைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும், அந்தச் செடியை டீயாகப் போட்டுக் குடித்து மலேரியாவைக் குணப்படுத்திக்கொள்ள வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு கோப்பையிலும் மருந்து வேறு வேறு அளவில் இருக்கும். அரைகுறை அளவில் ஒட்டுண்ணி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

உங்கள் அப்பாவின் நோய்க்கு நெருக்கமாக இன்னொன்று. பல புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் பாக்லிடாக்சல், பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் இருந்து வந்தது. பட்டையைச் சேகரித்தது 1962இல், மருந்தாக அனுமதி கிடைத்தது 1992இல். முப்பது வருடம்! அதே யூ இனத்து மரங்களின் இலையை மென்று தின்றால் இதயம் நின்றுவிடக்கூடும். இலையில் இருக்கும் நஞ்சையும் பட்டையில் இருக்கும் மருந்தையும் பிரித்து, அளவு குறித்து, ஊசி வழியாக ஏற்றினால்தான் அது சிகிச்சை. அதனால்தான் 'இயற்கைதானே' என்று யாராவது சொன்னால் எனக்குப் பதற்றமாக இருக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு செடிக்குப் பதிலாக, பெயர் ஒத்திருந்த வேறொரு செடி கலந்துவிட்டது. அந்த நஞ்சால் பின்னாளில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. பாட்டிலுக்குள் இருப்பது எந்தச் செடி என்ற கேள்வி அவ்வளவு முக்கியம். ஃபியூகாய்டன்கூட ஒரே பொருள் இல்லை. எந்தக் கடற்பாசி, எந்தப் பருவத்தில் அறுத்தது, எப்படிப் பிரித்தது என்பதைப் பொறுத்து மாறும். ஒரு ஆய்வில் பயன்படுத்தியதுதான் உங்கள் பாட்டிலிலும் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

சரி, அப்பாவின் விஷயத்துக்கு வருவோம். புற்றுநோயாளிகளிடம் ஃபியூகாய்டனைக் கொடுத்துச் செய்த சில சிறிய ஆய்வுகள் உண்டு. கீமோவின் சோர்வு குறைகிறதா என்பது போன்றவற்றைப் பார்த்தவை அவை. அது ஆயுளைக் கூட்டுகிறது என்று நிரூபித்த பெரிய ஆய்வு எதுவும் இல்லை.

ஒரு கேள்வி உங்களுக்கு எழலாம். புற்றைக் கொல்லும் அளவுக்கு உள்ளே போகாத பொருள் கெடுதல் மட்டும் எப்படிச் செய்யும்? இரண்டுக்கும் வேண்டிய அளவு வேறு. ஃபியூகாய்டனுக்கு ஹெப்பாரின் மருந்தைப் போல இரத்த உறைவைத் தடுக்கும் குணம் உண்டு. உங்கள் அப்பா ஏற்கெனவே அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். கீமோவில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் வேறு குறையும். அதிகமாக உறைந்தால் கட்டு, குறைவாக உறைந்தால் இரத்தக்கசிவு என்று இரண்டுக்கும் நடுவில் அவருடைய மருத்துவர் அளவு பார்த்து நிறுத்தி வைத்திருக்கும் தராசு அது. அதில் சிறு எடையைக்கூட நாமாக வைக்கக் கூடாது.

அப்புறம் அயோடின். சுத்தம் செய்யாத கடற்பாசிப் பொடியாக இருந்தால் இதுதான் பெரிய கவலை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். உலர்ந்த கெல்ப் வகைப் பாசியில் ஒரே கிராமில் ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் இருக்கக்கூடும். ஃபியூகாய்டன் போலக் குடலில் தங்கிவிடாது, அயோடின் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போய்விடும். தைராய்டு கோளாறு உள்ளவருக்கு அது சுரப்பியைத் தூண்டியும் விடலாம், அடக்கியும் விடலாம்.

கடைசியாக, அந்தத் தயக்கம். நான் இளம் மருத்துவனாக இருந்தபோது ஒரு அம்மா, அறையை விட்டுக் கிளம்பி, கதவில் கை வைத்த பிறகு, பையில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து "இதையும் குடிக்கலாமா டாக்டர்?" என்றார். நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் "அதெல்லாம் வேண்டாம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு ஒருமுறைகூட என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஆனால் குடிப்பதை அவர் நிறுத்தவில்லை என்று அவருடைய மகள் மூலம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் இரண்டு நிமிடம் கொடுத்திருந்தால் என்ன குடிக்கிறார் என்பதாவது எனக்குத் தெரிந்திருக்கும். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. உங்கள் மருத்துவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் ஒரு பொருள் உள்ளே போனால், அடுத்த இரத்தப் பரிசோதனையில் ஏதாவது மாறியிருக்கும்போது எது காரணம் என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. கீமோ அளவைத் தேவையில்லாமல் குறைக்கவும் நேரிடலாம்.

அடுத்த கீமோவுக்குப் போகும்போது அந்தப் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். லேபிளில் கடற்பாசியின் பெயர், ஒரு மாத்திரையில் எவ்வளவு, அயோடின் எவ்வளவு என்று போட்டிருக்கிறதா என்பதை அவரே பார்க்கட்டும். கதவருகே போகும் வரை காத்திருக்காமல், உட்கார்ந்தவுடனே மேசையில் வைத்துவிடுங்கள். அப்பா ஏற்கெனவே ஒன்றிரண்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால், அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம், இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள். பல் துலக்கும்போது இரத்தம் வந்தாலோ, அடிபடாமலே உடம்பில் நீலம் பாய்ந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ நேரே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.