மூளை ஸ்கேன் கோப்பின் எண் வகையை மாற்றும்போது: வாசகர் கேள்விகள்

மூளைப் பகுதிகளைப் பிரித்துக் காட்டும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருள் கொடுத்த லேபிள் கோப்பை (ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் போட்ட படம்), இடம் மிச்சப்படுத்த, பைத்தானின் நம்பை நூலகத்தில் யூஇன்ட்8 (குறி இல்லாத 8 பிட் முழு எண்) ஆக்கினேன். இடது காடேட் (மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு பகுதி) மூன்று மடங்கு பெருத்துக் காட்டுகிறது. நோயாளிக்கு ஏதாவது கோளாறா? (டர்பன், முதுகலை மாணவி)

நோயாளிக்கு ஒன்றும் இல்லை. லேபிள்தான் தடம் மாறிவிட்டது. யூஇன்ட்8-இல் 0 முதல் 255 வரைதான் இடம். ஃப்ரீசர்ஃபரோ மூளைப் புறணிக்கு இடப்பக்கம் 1001-லிருந்து 1035 வரையும், வலப்பக்கம் 2001-லிருந்து 2035 வரையும் எண் போடுகிறது. 255-ஐத் தாண்டிய எண்ணை நம்பை அங்கேயே நிறுத்தாது. 256-ஆல் வகுத்த மீதியை எழுதிவிடும். இடது இன்சுலா 1035, மீதி 11. அந்த 11 இடது காடேட்டின் எண். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

காடேட்டைப் பார்த்ததால் இது தெரிந்தது. இடது ப்ரீசென்ட்ரலின் எண் 1024, மீதி 0, அதாவது பின்னணி. வலது கை காலை அசைக்கும் பகுதியே உங்கள் கோப்பில் இல்லை. சுப்பீரியர் ஃப்ரான்டல் 1028. அது 4 ஆகி, மூளைக்குள் திரவம் நிறைந்த அறையான வென்ட்ரிக்கிளோடு சேர்ந்துவிட்டது. இவ்வளவும் ஒரு எச்சரிக்கைகூட வராமல் நடக்கும். அதுதான் எனக்குக் கவலை.

மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். லேபிளுக்கு இன்ட்16 (குறி உள்ள 16 பிட் முழு எண்) தாராளம், 32767 வரை தாங்கும். ஜிசிப்பில் சுருக்கினால் லேபிள் கோப்பு எப்படியும் சின்னதாகிவிடும்.

ஸ்கேன் கோப்புகளைப் படிக்கும் பைத்தான் நூலகமான நிபாபெல்லில் திறந்து, ஒன்றும் செய்யாமல் சேமித்தாலே கோப்பு நான்கு மடங்கு ஆகிறது. கேப் டவுனில் இருக்கும் குழுவுக்கு மொபைல் டேட்டாவில் அனுப்பிக் கட்டுப்படியாகவில்லை. (சாட்ஸ்வொர்த்)

நிபாபெல்லின் 'கெட்_எஃப்டேட்டா' எதைப் படித்தாலும் ஃப்ளோட்64 (64 பிட் தசம எண்) ஆக்கித் தரும். பழைய ஹெடரை (கோப்பின் தொடக்கத்தில் உள்ள விவரப் பகுதி) கொடுக்காமல் புதுப் படம் உருவாக்கினால் அதே வகையில்தான் சேமிக்கும். 64×64×36 அளவில் 200 வால்யூம் (முழு மூளைப் படம்) கொண்ட எஃப்எம்ஆர்ஐ (மூளைச் செயல்பாட்டு ஸ்கேன்), சுருக்காமல் இன்ட்16-இல் சுமார் 59 எம்பி. ஃப்ளோட்64-இல் 236 எம்பி. ஹெடரையும் சேர்த்துக் கொடுங்கள். கணக்குப் போட்டு வந்த படமென்றால் ஃப்ளோட்32 போதும். ஏழு இலக்கத் துல்லியத்துக்கு மேல் எந்த ஸ்கேனரும் தருவதில்லை.

பி மதிப்புப் படத்தை (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிகழ்தகவு உள்ள புள்ளியியல் படம்) எஃப்எஸ்எல் மென்பொருளில் 'ஷார்ட்' (இன்ட்16) ஆக்கினேன். ஏறக்குறைய எல்லாம் 0. (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

0-க்கும் 1-க்கும் நடுவில் இருப்பதை முழு எண்ணாக்கினால் வேறென்ன மிஞ்சும்? புள்ளியியல் படங்களை ஃப்ளோட்டிலேயே விட்டுவிடுங்கள். இன்ட்16 கட்டாயம் என்றால் நிஃப்டி (ஸ்கேன் கோப்பு வடிவம்) ஹெடரில் 'ஸ்லோப்', 'இன்டர்செப்ட்' என்று இரண்டு இடங்கள் உண்டு. சேமித்த எண்ணை ஸ்லோப்பால் பெருக்கி, இன்டர்செப்ட்டைக் கூட்டினால் உண்மை மதிப்பு. நிபாபெல்லில் ஃப்ளோட் தரவை இன்ட்16 ஆகச் சேமித்தால் இதை அதுவே கணக்கிடும். −8 முதல் 8 வரையுள்ள இசட் மதிப்புப் படத்தில் ஒரு படி சுமார் 0.00024, அது பரவாயில்லை. ஆனால் எங்கோ ஒரு வாக்ஸலில் (படத்தின் முப்பரிமாணப் புள்ளி) 5000 என்று குப்பை இருந்தால் படி பெரிதாகி நுணுக்கம் போய்விடும். அப்புறம், ஹெடரைப் பார்க்காமல் வெறும் எண்ணை மட்டும் படிக்கும் சொந்த நிரல் யாராவது வைத்திருந்தால், அவர்களுக்கு அந்தக் கோப்பை அனுப்பாதீர்கள்.

தலை சிடி ஸ்கேனில் வெளியே உள்ள காற்று எலும்பைவிட வெளிச்சமாகத் தெரிகிறது. (பீனிக்ஸ், ரேடியோகிராஃபர்)

யூஇன்ட்16-க்கு மாற்றியிருப்பீர்கள். காற்று சுமார் −1000 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சிடி படத்தின் அலகு). குறி இல்லாத வகையில் அது 64536 ஆகிவிடும். இன்ட்16 வையுங்கள்.

ஹெடரில் டேட்டாடைப் (எண் வகைக் குறியீடு) 16 என்று இருப்பதை 4 என்று திருத்தினால் போதாதா? (டர்பன்)

போதாது. 16 என்பது ஃப்ளோட்32, 4 என்பது இன்ட்16. ஹெடரைத் திருத்தினால் உள்ளே இருக்கும் பைட்டுகள் மாறாது. நான்கு நான்காக எழுதியதை இரண்டு இரண்டாகப் படித்தால் திரையில் வெறும் புள்ளிக்கூட்டம்தான் வரும். 'எஃப்எஸ்எல்மேத்ஸ்' கட்டளையில் '-ஓடிடி ஷார்ட்' சேர்த்து மாற்றுங்கள். அதற்கு முன் 'எஃப்எஸ்எல்ஸ்டாட்ஸ் -ஆர்' (பெரிய எழுத்து R) கொடுத்துச் சிறும மதிப்பும் பெரும மதிப்பும் பாருங்கள். மாற்றிய பிறகு பழையதிலிருந்து புதியதைக் கழியுங்கள். முழு எண் படமென்றால் எல்லா வாக்ஸலிலும் 0 வரவேண்டும்.