பேச்சு வராத பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்ப்பது பாவமா?

கேள்வியை வாசித்ததும் பதில் எழுதாமல் நகர முடியவில்லை. ஒன்பது வயது மகன், ஆட்டிசம், இன்னும் பேச்சு வரவில்லை, விடுதியில் சேர்க்கச் சொல்கிறார்கள், சேர்த்தால் பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொன்னது யார் என்று எழுதவில்லை. அநேகமாக வீட்டில்தான் யாராவது சொல்லியிருப்பார்கள், அன்றிலிருந்து உங்களுக்குச் சோறு இறங்கியிருக்காது. அந்த முகத்தோடு வந்த அம்மாக்களை எனக்குத் தெரியும். கடலூரில் ஒரு விடுதிப் பள்ளியில் சிறப்பு ஆசிரியையாகப் பல வருடம் இருந்தேன். இரவிலும் பிள்ளைகளோடுதான் படுப்பேன்.

பாவம் இல்லை.

சண்டைக்கு வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாப் பிள்ளைக்கும் விடுதிதான் நல்லது என்று நான் சொல்லவே இல்லை. பக்கத்துப் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு உட்கார முடிகிற பிள்ளையை அங்கேதான் வைக்க வேண்டும். 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது விருப்பம். ஆனால் விடுதி என்றாலே பிள்ளையைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்ட இடம் என்று பேசுகிறவர்கள், ஒரு நாள் காலை ஐந்தரைக்கு அங்கே வந்து நின்று பார்க்க வேண்டும்.

ஐந்தரைக்கு லைட்டைப் போட்டால் முதல் வேலை ஒவ்வொருவராகக் கக்கூசுக்குக் கூட்டிப்போவது. ராத்திரி எழுப்பிவிட்டும் சிலர் படுக்கையை நனைத்திருப்பார்கள், அந்தத் துணி தனி. அப்புறம் பல். பேஸ்ட்டைத் துப்பத் தெரியாமல் முழுங்குகிறவர்களுக்கு வெறும் பிரஷ்தான். டிரவுசர் போடுவதைக் கடைசியிலிருந்து சொல்லித்தருவோம். கால் நுழைப்பது, முட்டிக்கு மேலே ஏற்றுவது எல்லாம் நாங்கள். இடுப்புக்கு இழுத்துவிடுவது மட்டும் பிள்ளை. அது கைக்கு வந்தபின் முட்டியிலிருந்து பிள்ளையே இழுக்கணும். போட்டு முடித்துவிட்டோம் என்கிற சந்தோஷம் முதல் நாளே கிடைத்துவிடுவதால் மறுநாளும் முரண்டு பிடிக்காது. வீட்டில் அம்மாவுக்கு இதெல்லாம் முடியாதா என்றால், முடியும். ஆனால் வேலைக்கு ஓடுகிற வீட்டில் ஒரு டிரவுசருக்குக் கால்மணி நேரம் யார் காத்திருப்பது? மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அது அவர்கள் குற்றமும் இல்லை.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பெயர் வேண்டாம். தலையில் தண்ணீர் விழுந்தால் கத்துவான், கடிப்பான். அவன் பல் பதிந்த தழும்பு என் முன்கையில் இன்னும் இருக்கிறது. வீட்டில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டுதான் குளிப்பாட்டியிருக்கிறார்கள். அவனுக்குத் தண்ணீர்ப் பயம் இல்லை என்பது போகப் போகத்தான் புரிந்தது. குழாயைத் திறந்துவிட்டால் கையை நீட்டிக்கொண்டு எவ்வளவு நேரமானாலும் நிற்பான். இந்தக் குளியல் எப்போது முடியும் என்று தெரியாததுதான் பயம். அதனால் எண்ண ஆரம்பித்தேன். பத்து மக். ஒவ்வொரு மக்குக்கும் சத்தமாக ஒரு எண், பத்து சொன்னதும் துண்டு. பதினோராவது மக் கிடையாது. தலையில் நுரை மிச்சம் இருந்தாலும் ஈரத்துணியால் துடைத்துவிடுவேனே தவிர, ஒரு மக் கூட ஊற்ற மாட்டேன். மெல்ல மெல்லக் கத்தல் நின்றது. பிறகு விரலை மடக்கி அவனே எண்ணினான். அதற்கப்புறம் மக் அவன் கைக்குப் போனது.

2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. அரையாண்டு லீவு. கூட்டிப்போக ஆள் வராத பிள்ளைகள் சிலர் விடுதியில் இருந்தார்கள், இவனும்தான். கரண்ட் போனது போனதுதான், மோட்டார் ஓடாது. அடிபம்பில் அடித்துச் சுமந்த தண்ணீரில்தான் சமையல், துணி, குளியல் எல்லாம். ஆளுக்கு அரை வாளி. பத்து மக்குக்குக் காணாது. "ஆறோட நிறுத்திக்கலாம் மிஸ்" என்றார் ஆயாம்மா. நிறுத்தினால் அவ்வளவு நாள் உழைப்பும் போச்சு. மக்கை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு எவர்சில்வர் டம்ளரைக் கையில் கொடுத்தேன். டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மொண்டு ஊற்றினான். ஒரு விரலை மடக்கினான். பத்து டம்ளரில் குளியலை முடித்துத் துண்டுக்குக் கை நீட்டினான்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் அவன் அம்மா வந்தார். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்துகிடந்த ஊரிலிருந்து வந்தவர். "ஒரு மரம் நிக்கல மிஸ்" என்று அழுதுகொண்டே உள்ளே வந்தவர், குளிக்கிற மகனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "யாரு புடிச்சிக்கிறது?" என்று கேட்டார். யாரும் பிடிப்பதில்லை என்றேன். பொங்கலுக்கு அவனைக் கூட்டிப்போகும்போது, குளியலை மட்டும் பத்திலேயே வைங்கம்மா என்று எழுதியும் கொடுத்தேன். பாட்டி ஊட்டிவிடட்டும், மடியில் போட்டுக்கொள்ளட்டும், அதெல்லாம் வேண்டும். இந்த அம்மாவையா பிள்ளையைத் தள்ளிவிட்டவர் என்பீர்கள்? பெருமைக்காக எழுதுகிறாள் என்று யாராவது நினைத்தால், ஆமாம், எனக்குப் பெருமைதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பிறந்தநாள், திவசம் என்று சாப்பாடு போட வருகிறவர்கள். அவர்கள் தரும் அரிசி பருப்புக்கு எனக்கு நன்றி உண்டு. ஆனால் பன்னிரண்டரைக்குச் சோறு என்று பழகிய பிள்ளைகளை இலைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, மாமா பாண்டியிலிருந்து வந்துகொண்டிருக்கிறார், கேக் இன்னும் வரவில்லை என்று இரண்டு மணி வரை காக்கவைப்பார்கள். சாப்பிட்டதும் வலிப்பு மாத்திரை போடவேண்டிய பிள்ளைகள் அந்த வரிசையில் இருக்கிறார்கள். மாத்திரை தள்ளிப்போனால் வலிப்பு வந்துவிடும் அபாயம் உண்டு. எல்லாரும் கைதட்டி ஹேப்பி பர்த்டே பாடும்போது காதைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடுகிற பிள்ளையை, ஒரு போட்டோ மட்டும் என்று இழுத்து நிறுத்துவார்கள். சாயங்காலம் அந்த முகம் வாட்ஸப் ஸ்டேட்டஸில் இருக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளை சாப்பிடும்போது தெரியாத ஆள் படம் எடுத்தால் விடுவீர்களா? பல வருடமாக மனசில் இருக்கிற ஆத்திரம் இது. கொடுக்க நினைப்பவர்கள் டயப்பராக, துவைக்கிற பவுடராக, பெண்பிள்ளைகளுக்கு நாப்கினாகக் கொடுங்கள். படம் வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இடம் பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள். பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகளின் நகத்தைப் பாருங்கள். கக்கூசுக்குள் போய்ப் பாருங்கள். ராத்திரி பிள்ளைகள் படுக்கிற ஹாலில் எந்த ஆள் படுக்கிறார் என்று பெயரோடு கேளுங்கள். ஆசிரியர்களுக்கு ஆர்.சி.ஐ. (சிறப்பு ஆசிரியர்களைப் பதிவு செய்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும், தயங்காமல் கேட்கலாம். மகனுக்கு எது பிடிக்கும், எதற்குக் கத்துவான், எப்படித் தூங்குவான் என்று உங்களிடம் உட்கார்ந்து கேட்காமல் எடுத்ததுமே ஃபீஸ் பேசுகிற இடம் என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.