வாய்விட்டுச் சொன்ன ஓட்டு

கேள்வி: அமெரிக்காவின் முதல் காங்கிரஸ் (அவர்களின் நாடாளுமன்றம்) தேர்தலில் ஓட்டுச்சீட்டே கிடையாது என்று பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் ஓர் அண்ணன் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, செந்தூல்

பதில்: வர்ஜீனியாவுக்குச் சரி, எல்லா மாநிலத்துக்கும் இல்லை. அங்கே 1789 பிப்ரவரி 2-இல் ஓட்டுப் போடப் போனவர்கள், அதுவும் சொத்துள்ள வெள்ளைக்கார ஆண்கள் மட்டும்தான், ஊரார் முன்னால் வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எழுத்தர் குறித்துக்கொள்வார். நாம் விரலில் மை வைத்துக்கொண்டு வந்து வீட்டில்கூட மூச்சு விடுவதில்லை! அங்கிருந்த 10 இடங்களில் 5-ஆவது தொகுதிதான் சுவாரசியம். நண்பர்களான ஜேம்ஸ் மாடிசனும் ஜேம்ஸ் மன்றோவும் எதிரெதிராக நின்றார்கள். ஒரு தேவாலயத்துக்கு வெளியே பனியில் நின்று வாதாடிவிட்டு இரவில் திரும்பும்போது மாடிசனின் மூக்கு குளிரில் புண்ணாகிவிட்டதாம். 1308-க்கு 972 என்று அவர்தான் ஜெயித்தார். அப்புறம் இருவருமே அதிபர் ஆனார்கள்.