லா கிரெனுயேர்: மொனேயின் தூரிகையில் செய்ன் ஆறு

பாரிசுக்கு மேற்கே, செய்ன் ஆற்றின் லா கிரெனுயேர் படகுத்துறையில் 1869-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஓவியர் குளோத் மொனே தீட்டிய ஓவியம் இன்று நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதைப் பற்றிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: தனித்தனி வண்ணப் பட்டைகளாகவே தீட்டியிருந்தும் அது ஓடும் நீராகத் தெரிவது எப்படி?

பதில்: ஓவியத்தின் கீழ்ப்பகுதியை மட்டும் பாருங்கள். தட்டைத் தூரிகையால் கிடையாக இழுத்த அகலமான தீற்றல்கள், ஒன்றோடொன்று குழையாமல், கருநீலத்தின் மேல் பழுப்பும் அதன் அருகே வெளிர்நிறமுமாகக் கிடக்கின்றன. நீருக்கென்று சொந்த நிறம் அதிகமில்லை. சிற்றலையின் ஒரு சரிவு வானத்தைக் காட்டும்போது மறு சரிவு மரநிழலைக் காட்டுவதால், நம் கண்ணுக்கு வருவதே துண்டு துண்டான ஒளிதான். தொலைவு கூடக் கூடத் தீற்றல்கள் மெலிந்து நெருங்குகின்றன. தொலைவுவரை விரியும் ஆற்றின் பரப்பை மொனே கோடு போட்டுக் காட்டவில்லை, தூரிகைத் தடத்தின் அளவைக் கொண்டே காட்டுகிறார். இந்த ஓவியத்தில் என்னை இன்றும் வியக்க வைப்பது இதுவே.

கேள்வி: நிழல்களில் நீலம் ஏன்?

பதில்: வெயில் மறைந்த இடத்திலும் வானத்தின் நீல ஒளி விழுகிறது. அருகில் மஞ்சள் இருந்தால் அந்த நீலம் மேலும் துலங்கும். அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவதை வேதியியலாளர் செவ்ரெல் 1839-லேயே விளக்கியிருந்தார்.

கேள்வி: ஆற்றங்கரையிலேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்ட முடிந்ததா?

பதில்: முடிந்தது. 1841-இல் ஜான் ராண்ட் காப்புரிமை பெற்ற தகரக் குழாய்கள் வந்தபின், வண்ணத்தைக் காயாமல் வெளியே எடுத்துச் செல்வது எளிதாயிற்று.

கேள்வி: இது முடிக்கப்படாத ஓவியம் என்கிறார்களே?

பதில்: மொனேயே அந்த ஆண்டு நண்பர் பசீலுக்கு எழுதிய கடிதத்தில், ஓவியம் ஒன்றைக் கனவு காண்பதாகவும், அதற்காகச் சில மோசமான முன்வரைவுகளே செய்திருப்பதாகவும் குறிப்பிட்டார். அவர் மதிப்பீட்டை நான் ஏற்கவில்லை. அவசரத்தில் விழுந்த தீற்றல்களாக இருந்தாலும், ஒவ்வொன்றும் ஒளியின் ஒரு துண்டைச் சரியான இடத்தில் வைக்கிறது.

கேள்வி: அதே இடத்தை ஓவியர் ரெனுவாரும் தீட்டினாராமே, வேறுபாடு என்ன?

பதில்: இருவரும் அருகருகே நின்று தீட்டினார்கள். ஸ்டாக்ஹோமில் உள்ள ரெனுவாரின் ஓவியத்தில் தூரிகை மென்மையாக வருடிச் செல்கிறது. கரையில் நிற்பவர்களின் உடைகள் வரை நின்று பார்க்கிறோம். மொனேயிடமோ அந்த மனிதர்கள் நாலைந்து தீற்றல்கள்தான். அவருடைய கவனமெல்லாம் படகுகளுக்கு இடையே நெளியும் நீரில் இருக்கிறது.