பி.பி. மாத்திரையில் பாம்பு விஷமா?

கேள்வி: எனாலப்ரில் சாப்பிட்டதில் ஓயாத வறட்டு இருமல். டாக்டர் டெல்மிசார்டனுக்கு மாற்றிவிட்டார். பழைய மாத்திரை பாம்பு விஷத்தில் செய்தது, அதனால்தான் இருமல் என்கிறார் என் கொழுந்தனார். நிஜமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கொழுந்தனார் சொல்வது பாதி சரி அம்மா. மாத்திரையில் விஷம் துளியும் இல்லை; விஷம் வழி காட்டியது, அவ்வளவுதான்.

பிரேசிலில் ஜராராகா என்றொரு விரியன். அது கடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். ரத்தக் குழாயைத் தளர்த்தும் பிராடிகைனினுக்கு வலு சேர்க்கும் பொருள் அந்த விஷத்தில் இருப்பதை பிரேசில் விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரேரா 1965-ல் எழுதினார். குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின்-2ஐத் தயாரிக்கிற ஏ.சி.இ. நொதியையும் அது முடக்குவது அப்புறம் தெரிந்தது. அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனம் விஷத்திலிருந்து ஒன்பது அமினோ அமிலச் சங்கிலி ஒன்றைப் பிரித்தது. ஊசியில் பலித்தது, விழுங்கினால் வயிறு செரித்துவிடும். ஆயுசுக்கும் தினமும் ஊசி யார் போட்டுக்கொள்வார்?

பாம்புக் கதையை எல்லாரும் சொல்வார்கள். மருந்து வேதியியல் நடத்திய காலத்தில் நான் வகுப்பில் ரசித்துச் சொன்னது இதற்கு அடுத்த கட்டத்தை. ஏ.சி.இ.யின் உருவத்தை அன்று யாரும் பார்த்ததில்லை. அது தெரியவந்ததே 2003-ல். ஆனால் கார்பாக்ஸிபெப்டிடேஸ் என்ற செரிமான நொதியின் உருவம் தெரியும். இரண்டுமே துத்தநாகத்தை வைத்து வேலை செய்பவை. ஆக, ஒரே கம்பெனிப் பூட்டு என்று நம்பி, பக்கத்துப் பூட்டைப் பார்த்துச் சாவி ராவினார்கள் ஸ்குவிப் விஞ்ஞானிகள் குஷ்மனும் ஒண்டெட்டியும். விஷச் சங்கிலியின் வால்நுனியில் இருந்த புரோலின் என்ற அமினோ அமிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மறுமுனையில் துத்தநாகத்தைப் பிடிக்க கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதி ஒன்றைச் சேர்த்தார்கள். பிடி போதவில்லை. அந்த இடத்தில் கந்தகத்தை வைத்ததும் வீரியம் சுமார் ஆயிரம் மடங்கு ஏறியது! அதுதான் காப்டோப்ரில், 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் சிலருக்கு நாக்கில் ருசி போனது, தோலில் தடிப்பு வந்தது. பழி கந்தகத்தின் மேல் விழ, மெர்க் நிறுவனம் கந்தகமில்லாமல் செய்ததுதான் உங்கள் எனாலப்ரில்.

சரி, இருமல். பிராடிகைனினைச் சிதைப்பதும் இதே ஏ.சி.இ.தான். அதை முடக்கினால் பிராடிகைனின் மூச்சுக் குழாயில் தேங்கும். இருமலுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். டெல்மிசார்டன் நொதியைத் தொடாமல், ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டுகிற இடத்தை மட்டும் மறிக்கிறது. பழைய இருமல் அடங்கச் சில வாரம் ஆகலாம். அதற்கு மேலும் நீடித்தால் மாத்திரையையே குறை சொல்லிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் நெஞ்சைக் காட்டுங்கள்.