ஒரே அணி, வேறு வேறு போர்கள்: இரண்டாம் உலகப் போர் கேள்வி-பதில்

இரண்டாம் உலகப் போரைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. யார் யாரோடு சேர்ந்தார்கள், ஏன் சேர்ந்தார்கள்? ஒப்பந்தத் தேதிகளை மனப்பாடம் செய்வதால் இதற்கு விடை கிடைக்காது. ஓர் அணிக்குள் இருந்தவர்கள் தங்களுக்குள் எதைச் சொன்னார்கள், எதை மறைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்களை அந்தக் கண்ணோட்டத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

‘அச்சு நாடுகள்’ என்கிறோமே, அது என்ன அச்சு? வண்டி அச்சா? (பள்ளி மாணவி, திருநெல்வேலி)

வண்டி அச்சு என்றே நினைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. 1936 நவம்பர் 1-ல் மிலான் நகரில் பேசிய இத்தாலியின் தலைவர் முசோலினி, ரோமுக்கும் பெர்லினுக்கும் இடையிலான உறவை ஓர் அச்சு என்று வர்ணித்தார். ஐரோப்பாவின் மற்ற நாடுகள் அதைச் சுற்றி இயங்கலாம் என்பது அவருடைய கணக்கு. ஜப்பான் அப்போது அந்தப் பேச்சிலேயே இல்லை. 1940 செப்டம்பர் 27-ல் பெர்லினில் கையெழுத்தான முத்தரப்பு ஒப்பந்தம்தான் மூன்று நாடுகளையும் ராணுவக் கூட்டாளிகள் ஆக்கியது. பெயர் மட்டும் பழையதே நிலைத்துவிட்டது.

தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சு நாடுகளை எதிர்த்த அணிக்கு உள்ள ‘நேச நாடுகள்’ என்ற பெயர் முதல் உலகப் போரின் ஓர் அணிக்கும் உண்டு. அந்தப் போரில் இத்தாலியும் ஜப்பானும் நேச நாடுகளின் பக்கம் நின்றவை. விடைத்தாள்களில் நான் அதிகம் திருத்திய குழப்பம் இதுதான்.

முத்தரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதால் அமெரிக்காமீது போர் அறிவிக்கும் கட்டாயம் ஹிட்லருக்கு ஏற்பட்டது என்று படித்தேன். சரியா? (சென்னை)

சரியில்லை. மூவரில் ஒருவர் தாக்கப்பட்டால் மற்ற இருவரும் உதவிக்கு வர வேண்டும் என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறது. அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தில் தாக்கியதே ஜப்பான். ஹிட்லர் சும்மா இருந்திருந்தால் ஒப்பந்தத்தை மீறியதாக யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் 1941 டிசம்பர் 11-ல் அவராகவே போர் அறிவித்தார். அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கும் அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்கும் ஏற்கெனவே மோதல் நடந்துகொண்டிருந்தது. எப்படியும் வரப்போகும் போர் என்று அவர் எண்ணினார். ஜப்பான் தனியாகச் சமாதானம் பேசிவிடக் கூடாது என்ற கவலையும் இருந்தது. தனித்துச் சமரசம் செய்துகொள்வதில்லை என்று மூன்று நாடுகளும் அதே நாளில் இன்னோர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. மாஸ்கோ வாசலில் ஜெர்மன் படை பனியில் சிக்கி, ரஷ்யர்களின் எதிர்த்தாக்குதல் தொடங்கி ஒரு வாரம்கூட முழுதாக ஆகாத நேரம் அது.

இந்த அணியில் ஒருவருக்கு மற்றவரின் திட்டம் தெரியாது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஜப்பான் பேர்ல் துறைமுகத் திட்டத்தை ஜெர்மனியிடம் சொல்லவில்லை. அதற்கு முன்பே ஜெர்மனியும் அப்படித்தான் நடந்துகொண்டது. 1941 வசந்தத்தில் ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் மட்சுவோக்கா பெர்லினுக்கு வந்து ஹிட்லரைச் சந்தித்தார். ரஷ்யாமீது படையெடுக்கும் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தும் அவரிடம் யாரும் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஊர் திரும்பும் வழியில் அவர் மாஸ்கோவில் இறங்கி, ஏப்ரல் 13-ல் ஸ்டாலினோடு நடுநிலை ஒப்பந்தம் செய்துகொண்டார். யாரையும் வழியனுப்பப் போகாத ஸ்டாலின் ரயில் நிலையத்துக்கே வந்து அவரைக் கட்டித் தழுவி அனுப்பினார். பத்து வாரத்தில், ஜூன் 22 அன்று, ஜெர்மனி ரஷ்யாவுக்குள் நுழைந்தது. ஜப்பானோ தான் போட்ட கையெழுத்தில் நின்றது.

இதன் விலை என்ன தெரியுமா? அமெரிக்கா ரஷ்யாவுக்கு அனுப்பிய போர் உதவியில் ஏறத்தாழப் பாதி, பசிபிக் கடலைக் கடந்து விளாடிவஸ்டோக் வழியாகத்தான் போனது. ரஷ்யக் கொடி பறந்ததால் அந்தக் கப்பல்களை ஜப்பான் போக விட்டது. ஜெர்மன் சிப்பாய்களை எதிர்த்து நின்ற படைக்குப் போகும் சரக்கு, ஜெர்மனியின் கூட்டாளியுடைய கண்ணெதிரே போனது.

முசோலினியும் விதிவிலக்கல்ல. 1940 அக்டோபர் 28-ல் ஹிட்லரைக் கலந்துகொள்ளாமல் கிரீஸைத் தாக்கி, அங்கே மாட்டிக்கொண்டார். அவரை மீட்க அடுத்த ஏப்ரலில் ஜெர்மன் படை பால்கனுக்குள் இறங்க வேண்டி வந்தது.

அச்சு நாடுகள் சேர்ந்து போட்ட ராணுவத் திட்டம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் 1942 ஜனவரி 18-ன் உடன்பாட்டைத்தான் காட்ட முடியும். அதுவும் ஒரு பாகப்பிரிவினைதான். கிழக்குத் தீர்க்கரேகை 70 பாகையில் கோடு போட்டு, மேற்கே ஜெர்மனியும் இத்தாலியும், கிழக்கே ஜப்பானும் என்று பிரித்துக்கொண்டார்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்தக் கோடு குஜராத்தின் ஜாம்நகரை ஒட்டிப் போகிறது. நம் நாடு கிட்டத்தட்ட முழுவதும் ஜப்பானின் பங்கில் விழுந்தது.

அதே மாதத்தில் வாஷிங்டனில் அமெரிக்க, பிரிட்டிஷ் தளபதிகள் ஒரு கூட்டுத் தலைமையகம் அமைத்தார்கள். எந்தக் கடலுக்கு எத்தனை கப்பல், எந்தப் போர்முனைக்கு முதலிடம் என்று ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அங்கேயும் ஓயாத சண்டைதான், ஆனால் சண்டை மேசையிலேயே தீர்ந்தது. போரின் முடிவுக்குக் காரணம் கேட்டால், எஃகு உற்பத்திக் கணக்குக்கு அடுத்தபடியாக நான் சொல்வது இந்த மேசையைத்தான்.

ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்ட ஸ்டாலின் எப்படி நேச அணியின் தலைவர்களில் ஒருவர் ஆனார்? (கோயம்புத்தூர்)

தாக்கப்பட்டதால் ஆனார். 1939 ஆகஸ்ட் 23-ல் ஜெர்மனியோடு போர் தொடுக்கா ஒப்பந்தம் செய்து, ரகசிய இணைப்பில் கிழக்கு ஐரோப்பாவைப் பங்கிட்டுக்கொண்டார். செப்டம்பர் 1-ல் ஹிட்லரும் 17-ல் ஸ்டாலினும் போலந்துக்குள் புகுந்தார்கள். அடுத்த ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ரஷ்யத் தானியமும் எண்ணெயும் ஜெர்மனிக்குப் போயின. இதைச் சொல்லாமல் ஸ்டாலினை வெறும் வீரராகக் காட்டுவது போலந்து மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் 1941 ஜூனுக்குப் பிறகு ஜெர்மன் தரைப்படையின் பெரும்பகுதியைத் தாங்கி, அதை உடைத்தது சோவியத் ராணுவமான செம்படைதான். சோவியத் மக்கள் இரண்டரைக் கோடிக்கும் மேல் மாண்டார்கள். இதைச் சொல்லாமல், மேற்கு நாடுகளின் படை இறங்கிய பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையை மட்டும் பேசுவதும் அதே அளவு அநியாயம்தான். மேற்கில் இரண்டாவது போர்முனையைத் திறங்கள் என்று ஸ்டாலின் கேட்டுக் கேட்டு, சர்ச்சில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். 1943 நவம்பர் இறுதியில் டெஹ்ரானில் ஸ்டாலின், சர்ச்சில், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூவரும் நேரில் உட்கார்ந்தபோதுதான் அது உறுதியாயிற்று. மறு ஆண்டு ஜூன் 6-ல் நார்மண்டியில் படை இறங்கியது. அதே ஜூன் 22-ல், டெஹ்ரானில் சொன்னபடி, கிழக்கிலிருந்து பேலாரஸில் ரஷ்யர்கள் பெருந்தாக்குதலைத் தொடங்கினார்கள். ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் நாள் குறித்துச் சேர்ந்து அடித்தார்கள்.

போர் முடிந்தபோது ஒவ்வொரு நாட்டுக்கும் யார் தலைவர்? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், திருச்சி)

1945 ஏப்ரலில் மூன்று பேர் போனார்கள். ரூஸ்வெல்ட் 12-ல் நோயால் இறந்தார், முசோலினி 28-ல் சுட்டுக் கொல்லப்பட்டார், ஹிட்லர் 30-ல் தற்கொலை செய்துகொண்டார். அமெரிக்காவில் ட்ரூமன் வந்தார். சர்ச்சில் தேர்தலில் தோற்றதால் போட்ஸ்டாம் மாநாட்டின் நடுவிலேயே அவர் இடத்தில் அட்லி உட்கார்ந்தார். ஜப்பானின் பிரதமராக இருந்த டோஜோ, சைப்பான் தீவு வீழ்ந்ததும் 1944 ஜூலையிலேயே பதவி விலகியவர். சரணடைந்தபோது ஜப்பானின் பிரதமர் சுசுகி. ஸ்டாலின், சீனத் தலைவர் சியாங் கை ஷேக், ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ ஆகியோர் மட்டும் கடைசிவரை இருந்தார்கள்.

இத்தாலி கடைசியில் எந்தப் பக்கம்? (ஈரோடு)

இரண்டு பக்கமும். 1943 ஜூலை 25-ல் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் முசோலினியை நீக்கிக் கைது செய்ய வைத்தார். செப்டம்பர் 8-ல் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. நான்கே நாளில் ஜெர்மன் படையினர் மலை உச்சி விடுதியிலிருந்து முசோலினியை மீட்டு, வடக்கில் ஒரு பொம்மை அரசுக்குத் தலைவராக வைத்தார்கள். தெற்கில் இருந்த அரசு அக்டோபர் 13-ல் ஜெர்மனிமீதே போர் அறிவித்தது. அதன் பிறகு இத்தாலியர் இத்தாலியரையே சுட்டார்கள்.

சீனாவையும் நான்கு வல்லரசுகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். படங்களில் மூன்று பேர்தானே இருக்கிறார்கள்? (வாசகி, கொழும்பு)

நல்ல கேள்வி. டெஹ்ரானுக்குச் சில நாள் முன்பு கெய்ரோவில் ரூஸ்வெல்ட், சர்ச்சிலோடு சியாங் கை ஷேக் உட்கார்ந்தார். ஸ்டாலின் அங்கே வரவில்லை. முன்பு சொன்ன நடுநிலை ஒப்பந்தம் இருந்ததால், ஜப்பானோடு போரில் இருக்கும் சியாங்கோடு ஒரே மாநாட்டில் அவரால் அமர முடியாது. அதனால்தான் ஒரே காரியத்துக்கு இரண்டு மாநாடு.

சீனாவின் போர் 1937 ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. பேர்ல் துறைமுகத்துக்கு முன்பே நான்கு ஆண்டுக்கும் மேல் அது ஏறக்குறையத் தனியாகப் போராடியது, லட்சக்கணக்கான ஜப்பானியப் படையினரைத் தன் மண்ணிலேயே கட்டிப்போட்டது. 1942 பிப்ரவரியில் சியாங் இந்தியாவுக்கு வந்து நேருவையும் காந்தியையும் சந்தித்து, இந்தியர் கையில் உண்மையான அதிகாரத்தைக் கொடுங்கள் என்று பிரிட்டனைக் கேட்டுக்கொண்டார். நேச அணியின் தலைவர் ஒருவர் நம் மண்ணில் நின்று அப்படிச் சொன்னதை நம் பாடநூல்கள் இன்னும் விரிவாக எழுத வேண்டும்.

பின்லாந்தும் தாய்லாந்தும் அச்சு நாடுகளா? (மதுரை)

பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்டாலும் முத்தரப்பு ஒப்பந்தத்தில் சேரவில்லை. தாய்லாந்து 1942 ஜனவரியில் பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் போர் அறிவித்தது. வாஷிங்டனில் இருந்த தாய்லாந்துத் தூதர் சேனி பிரமோஜ் அந்த அறிவிப்பைக் கொடுக்க மறுத்துவிட்டார். அமெரிக்காவும் பதிலுக்குப் போர் அறிவிக்கவில்லை.

என் பாட்டியின் மூத்த அண்ணன் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. இளையவர் நேதாஜி படையில் சேர்ந்தார். சித்தப்பா முறையுள்ள ஒருவர் ஊரில் பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்தார். எங்கள் குடும்பம் எந்த அணி, ஐயா? (வாசகர், ஈப்போ, மலேசியா)

இந்தக் கடிதத்தைப் பல முறை படித்தேன். உங்கள் குடும்பத்தை எந்த அணியும் கேட்டுச் சேர்க்கவில்லை.

1939 செப்டம்பர் 3-ல் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர் ஒருவரையும் கலந்துகொள்ளாமல் இந்தியா போரில் இருக்கிறது என்று அறிவித்தார். அதை எதிர்த்துத்தான் சென்னையில் ராஜாஜி அமைச்சரவை அக்டோபரில் விலகியது. அச்சு நாடுகளை எதிர்த்தவர்கள் கையெழுத்திட்ட, 1942 புத்தாண்டின் ஐக்கிய நாடுகள் பிரகடனத்தில் இருந்த 26 நாடுகளில் இந்தியாவின் பெயரும் உண்டு. ஆனால் எல்லா மக்களுக்கும் தங்கள் அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம், ஜெர்மனியின் பிடியில் உள்ள ஐரோப்பிய நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று 1941 செப்டம்பரிலேயே சர்ச்சில் நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார். இந்த நிலையிலும் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றினார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் பாலம் கட்டியது, கண்ணிவெடி எடுத்தது.

மறுபக்கமும் எளிதானது அல்ல. சுபாஷ் சந்திர போஸ் 1942-ல் ஹிட்லரை நேரில் சந்தித்தார், இந்திய விடுதலைக்கு ஆதரவான அறிவிப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. 1943-ல் ஜெர்மன் நீர்மூழ்கியில் புறப்பட்டு, நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்தார். மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் அவர் படையில் திரண்டார்கள். ஜான்சி ராணிப் படையில் பால்மரக் காட்டுப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். சென்னையில் பிறந்த மருத்துவர் கேப்டன் லட்சுமி தலைமை தாங்கினார். அதே மலாயாவிலிருந்துதான் அதே ஜப்பான் நம் மக்களைப் பர்மா எல்லைக் காட்டுக்குக் கொண்டுபோய், 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்காகக் காலராவுக்கும் பட்டினிக்கும் பலி கொடுத்தது. இரண்டும் உண்மை. உங்கள் பாட்டி இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்திருக்கிறார். 1944-ல் இம்பாலைச் சுற்றி நடந்த போரில் இந்தியர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அந்தப் பாதையில் இறந்த போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000 இருக்கின்றன, வரிசை வரிசையாக. ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை அங்கே இல்லை. ஆகவே ஒன்று செய்யுங்கள். மூத்தவரின் பெயர், அவர் அப்பா பெயர், எந்தத் தோட்டத்திலிருந்து, யார் யாரோடு போனார், தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று, பாட்டி சொல்லி நினைவில் உள்ளதையெல்லாம் தேதியிட்டு எழுதி வையுங்கள். உறவினர்களிடமும் கேளுங்கள். எழுதியதில் ஒரு படி எனக்கும் அனுப்பினால் பத்திரமாக வைத்திருப்பேன்.